தடவலும் இல்லை, அமுக்கலும் இல்லை: குழந்தைக்கு எண்ணெய் நீவி விடுவது பற்றி

மூத்தவள் பிறந்த 12ஆம் நாள், திருமங்கலத்தில் என் மாமியார் வீட்டுக்குக் குளிப்பாட்டும் பாட்டி வந்தார். புழக்கடையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையை அந்தக் கால்கள் மேல் கிடத்தினார். அதற்கப்புறம் நடந்ததை நான் தூணோரம் நின்றுதான் பார்த்தேன், கிட்டே போகத் தைரியம் இல்லை. உச்சந்தலையில் எண்ணெயை வைத்துப் பட் பட்டென்று நாலு தட்டு, கால் இரண்டையும் கயிறு திரிப்பதுபோல ஒரு உருவல், கையைக் குறுக்கே இழுத்து எதிர்க்காலோடு சேர்த்து ஒரு மடக்கல், மூக்கைப் பிடித்து ஒரு இழுப்பு, கடைசியில் சொம்பு சொம்பாக வெந்நீர். குழந்தை வீல் வீலென்று கத்தியது. "அழட்டும் தம்பி, அழுதாத்தான் நெஞ்சு விரியும்" என்றார் பாட்டி. குளித்து முடித்தவள் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். பாட்டியின் கைராசியை வீடே மெச்சியது, நானும்தான்.

நாலு வருஷம் கழித்துச் சின்னவன் பிறந்தபோது அந்தப் பாட்டி மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மனைவிக்கு சிசேரியன், தரையில் உட்கார முடியாது. அத்தைக்கு மூட்டு வலி. சுற்றிச் சுற்றி வேலை என் தலையில் வந்து விழுந்தது. தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன், "மசாஜ் எப்படிப் பண்றது டாக்டர்?" அவர் சிரித்துக்கொண்டே, "குளிப்பாட்டுறது வேற, மசாஜ் வேற. முதல்ல ரெண்டையும் பிரிங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, மூத்தவள் அப்போது தூங்கியது சுகத்தில் இல்லை, அழுது களைத்துப்போய்.

இந்தப் பிரிவினை புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. நம் ஊரில் எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, மூக்கு எடுப்பாக வர இழுப்பது, தலை உருண்டையாக வர உருட்டுவது, நிறம் வரக் கடலை மாவு போடுவது, சாம்பிராணி காட்டுவது எல்லாம் ஒரே மூச்சில் நடக்கிற ஒரு சடங்கு. மண்பானை வனைகிற மாதிரி, குழந்தைக்கு உருவம் பிடிப்பதுதான் அதன் நோக்கம். மசாஜ் என்று மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சொல்வது இந்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் வெளியே எடுத்தது: பெற்ற ஒருவர், வெதுவெதுப்பான கையால், அவசரமில்லாமல், குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதன் உடம்பை நீவி விடுவது. மூக்கு, தலை வடிவம், நிறம் எதுவும் இதில் மாறாது. அவை பரம்பரையாக வருகிறவை. பிறந்தபோது நீண்டிருக்கிற தலைகூடப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

நீவி விடுவது என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தமிழில் தொடுவதற்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. தடவுவது, நீவுவது, உருவுவது, பிசைவது, அமுக்குவது, பிடித்துவிடுவது எல்லாம் வேறு வேறு. குழந்தைக்கு இதில் எது வேண்டும் என்பதுதான் முழு வித்தையும். மேலோட்டமாகத் தடவினால் குழந்தைக்குக் கூச்சம் வரும், காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். புதுசாக அப்பா ஆனவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது, எங்கே உடைந்துவிடுமோ என்று இறகால் தொடுவதுபோலத் தொடுவது. அமுக்கினால் வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீவுதல். முழு உள்ளங்கையும் படிய வேண்டும், தோல் கையோடு லேசாக நகர வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. என் அம்மா சொன்ன அளவு இன்னும் எளிது: "இட்லி மேல தட்டுத் துணிய ஒட்டாம எடுப்போம்ல, அந்தப் பதம்டா." சமையல்காரர்களுக்கு உடனே புரியும், எனக்கு ஒரு வாரம் ஆனது.

இந்த நடு அழுத்தம் வெறும் கைப்பழக்கச் சமாச்சாரம் இல்லை. குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், லேசாகத் தடவப்பட்ட குழந்தைகளைவிட மிதமான அழுத்தத்தில் நீவப்பட்ட குழந்தைகள்தான் கூடுதலாக எடை போட்டார்கள். ஏன் என்பதற்குப் போவதற்கு முன்னால் ஒரு எலிக்கதை.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்றொரு ஆய்வாளர். தாயிடமிருந்து பிரித்த எலிக்குஞ்சுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் சரிவதை அவருடைய குழு பார்த்தது. தாய் எலி நக்குவதுபோல ஈரத் தூரிகையால் குஞ்சுகளை வருடிக் கொடுத்ததும் ஹார்மோன் பழைய நிலைக்குத் திரும்பியது. தொடுதல் என்பது பாசம் காட்டுகிற சமாச்சாரம் மட்டும் இல்லை, வளர்ச்சிக்கான ஒரு சமிக்ஞை என்று இதிலிருந்து தெரிந்தது. இதை ஒட்டி, மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் ஷான்பெர்க்கோடு சேர்ந்து குறைமாதக் குழந்தைகளிடம் முயன்று பார்த்தார். தினமும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம், மொத்தம் 10 நாள். 1986இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நீவப்பட்ட குழந்தைகள், மற்றக் குழந்தைகள் குடித்த அளவே பாலைக் குடித்து, ஒரு நாளைக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டிருந்தன, 6 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. அந்தக் காலத்தில் குறைமாதக் குழந்தையைத் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்று இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த ஆய்வின் அருமை தெரியும்.

அதே அளவு பாலில் எப்படிக் கூடுதல் எடை? மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி இதயம், இரைப்பை, குடல் என்று கிளை விட்டுக்கொண்டே போகிற வேகஸ் என்ற நரம்பு ஒன்று இருக்கிறது. "பதறாதே, சாப்பிட்டதைச் செரி" என்று உடம்புக்குச் சொல்கிற நரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு அடியில் இருக்கிற அழுத்தத்தை உணரும் நுனிகளை மிதமாக நீவும்போது இந்த நரம்பின் வேலை கூடுகிறது, இரைப்பையின் அசைவும் கூடுகிறது. வெறுமனே தடவினால் இது நடப்பதில்லை.

தோலில் இன்னொரு வகை நரம்பிழையும் உண்டு. மெதுவான வருடலுக்கென்றே இருப்பது அது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூட்டில் இருக்கிற கை போனால்தான் அது நன்றாகத் துடிக்கும், சர்ரென்று இழுத்தால் கண்டுகொள்ளாது, சில்லென்ற கைக்கும் அப்படித்தான். இதை வீட்டுக் கணக்காக மாற்றினால், தொடையிலிருந்து கணுக்கால் வரை போக நாலைந்து நொடி. மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணினால் வேகம் சரியாக வந்துவிடும். எனக்கு எண்ணுவது சலித்துப்போய்த் தாலாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தேன், தாலாட்டின் ராகம் தானாகவே அந்த வேகத்தில்தான் போகிறது.

சரி, நிறைமாதத்தில் 3 கிலோவுக்குப் பிறந்த நம் வீட்டுக் குழந்தைக்கும் இதே 47 சதவீதமா என்றால், இல்லை. இங்கேதான் யூடியூபும் எண்ணெய் விளம்பரமும் கதை விடுகின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான மசாஜ் பற்றி 34 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2013இல் வந்தது, மருத்துவச் சான்றுகளை அலசிச் சொல்கிற காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்டது. ஆய்வுகளில் பலவற்றின் தரம் போதாது, நல்ல ஆரோக்கியமாக இருக்கிற குழந்தைகள் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கிற அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்று அது சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பு வழிகாட்டுதலில், நிறைமாத ஆரோக்கியக் குழந்தைக்கு மென்மையான முழு உடல் மசாஜ் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம், வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்று இருக்கிறது. "பரிசீலிக்கலாம்", "உதவக்கூடும்" என்ற இரண்டு வார்த்தையையும் கவனியுங்கள். செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாத வீட்டுக் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்கின்றன. எலும்பு பலம் என்று சொல்லி விற்கிற எண்ணெயைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். எலும்புக்கு வேண்டியது தாய்ப்பாலும் வைட்டமின் டி சொட்டு மருந்தும்தான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது முதல் வயது முழுக்க தினம் 400 யூனிட்.

நிறைமாதக் குழந்தையிடம் எனக்குக் கண்கூடாகத் தெரிந்த பலன் தூக்கம். புதுக்குழந்தைக்குப் பகல் இரவு தெரியாது. நம் ஊரில் "ராத்திரியைப் பகலாக்குறான்" என்று அலுத்துக்கொள்வோமே, அதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை என்பதுதான். இஸ்ரேலில் ஒரு ஆய்வு, பிறந்து பத்து நாள் ஆன குழந்தைகளுக்குத் தாய்மார்கள் இரவு தூங்கும் நேரத்தில் இரண்டு வாரம் மசாஜ் கொடுத்தார்கள். பிறகு 12ஆவது வாரத்தில் சோதித்தபோது, அந்தக் குழந்தைகளுக்கு இரவில் சுரக்கிற மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. ஒரே நேரம், அதே விளக்கு, அதே துண்டு, அதே கை என்று தினமும் நடப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழரைக்கு டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கைப் போடுவோம். மூன்றாவது வாரம் வாக்கில், விளக்கு மாறியதுமே இவன் காலை உதைத்துக்கொண்டு தயாராகிவிடுவான்.

அந்த நேரத்தில் நான் மறக்காத ஒன்று உண்டு. கையில் எண்ணெய் ஊற்றி, குழந்தை பார்க்கிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் தேய்ப்பது வழக்கம், கை சூடாவதற்கும், "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பதற்கும். புதுக்குழந்தையின் கை எப்போதும் முஷ்டியாகத்தான் இருக்கும், பிரித்துப் பார்த்தால் ரேகைக்குள் கம்பளி நூலும் அழுக்கும் சுருண்டிருக்கும். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் இன்னும் இறுக்கிக்கொள்வான். ஒரு நாள் சும்மா புறங்கையை மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாக நீவிக்கொண்டிருந்தேன். சுண்டு விரல் முதலில் விலகியது. அப்புறம் அடுத்தது. நாலைந்து நீவலில் முழுக் கையும் பூ விரிவதுபோல விரிந்து என் பெருவிரல் மேல் படிந்தது. ஏதோ பெரிய காரியம் சாதித்த மாதிரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெற்றவர்களுக்கு என்ன லாபம்

இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியம் என்று படுகிறது. பிரசவமான வீட்டில் குழந்தையைச் சுற்றி ஆள் இருக்கும், தாயைச் சுற்றி அறிவுரை இருக்கும். குளிப்பாட்ட ஒருவர், தூங்க வைக்க ஒருவர், திருஷ்டி கழிக்க ஒருவர். என் மனைவிக்கு மிஞ்சியது பால் கொடுப்பது மட்டும். "நான் ஆவின் பூத் மாதிரி இருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் கலங்கியிருந்தது. தையல் வலி, தூக்கமில்லை, பால் போதுமா என்ற பயம் வேறு. அன்றைக்கு அவளைக் கட்டிலில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையைப் பக்கத்தில் கிடத்திப் பாதத்தை மட்டும் நீவச் சொன்னேன். பாதம் மட்டும்தான், அஞ்சு நிமிஷம். குதிகாலிலிருந்து விரல் வரை பெருவிரலால். பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவன் என்னையே பாக்குறான்ல?" என்றாள்.

லண்டனில் குயின் சார்லட் மருத்துவமனையில், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த தாய்மார்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவு வந்தது 2001இல். ஒரு பிரிவினர் கூடிப் பேசுகிற ஆதரவுக் குழுவுக்கு மட்டும் போனார்கள். இன்னொரு பிரிவினர் அதோடு சேர்த்து, வாரம் ஒன்றாக 5 மசாஜ் வகுப்புக்கும் குழந்தையோடு போனார்கள். இரண்டாவது பிரிவினருக்கு மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது, குழந்தையோடு ஒட்டுதலும் நன்றாகத் தேறியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காரணத்தை யோசித்தால் நியாயமாகப் படுகிறது. சோர்ந்திருக்கிற அம்மாவுக்குக் குழந்தையின் அழுகை "நீ சரியில்லை" என்றே கேட்கும். மசாஜின்போது அந்த அழுகைக்கு முன்னால் வருகிற சின்னச் சின்ன அடையாளங்கள் கண்ணில் படத் தொடங்கும். எது பசி, எது அலுப்பு, எது "போதும்" என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததும் பயம் பாதி விட்டுவிடும். தொடுகிறவரின் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஒட்டுதல் ஹார்மோன் சுரக்கிறது என்பதும் உண்மைதான், ஆனாலும் ஹார்மோனைவிட இந்தக் கைத்தெளிவுக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன். ஒன்றே ஒன்று: அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மசாஜ் பண்ணினால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்பாக்களுக்கு வருவோம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையிடம் அப்பாவுக்கு வேலையே இல்லை, நாப்கின் வாங்கி வருகிற ஆள் மாதிரிதான். ஆஸ்திரேலியாவில் சன்ரேசியா என்ற வட்டாரத்தில் முதல் குழந்தை பெற்ற அப்பாக்களுக்குக் குளிப்பாட்டவும் மசாஜ் செய்யவும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள், 1992இல் அதை வெளியிட்டார்கள். 12 வாரத்தில் அந்தக் குழந்தைகள் அப்பாவைப் பார்த்ததும் அதிகமாகக் கண்ணைப் பார்த்தன, சிரித்தன, குரல் கொடுத்தன, கையை நீட்டின. எனக்கு இதற்கு ஆய்வே தேவைப்படவில்லை. மூத்தவள் ஆறு மாதம் வரை என்னிடம் வந்தாலே அழுவாள். சின்னவன் மூன்றாம் மாதத்தில் என் குரல் கேட்டாலே கழுத்தைத் திருப்பினான்.

எப்படி ஆரம்பிப்பது

பால் குடித்த உடனே வேண்டாம், கக்கிவிடும். முக்கால் மணி நேரமாவது போகட்டும். நல்ல பசியிலும் வேண்டாம். முழித்துக்கொண்டு, அமைதியாக, சுற்றிலும் பார்த்துக்கொண்டு கிடக்குமே, அதுதான் நேரம். மின்விசிறியை நிறுத்துங்கள், மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றுங்கள், நகம் வெட்டியிருக்கட்டும். தரையில் போர்வை விரித்து அதன்மேல் ஒரு பழைய பருத்தித் துண்டு. கட்டில் வேண்டாம், எண்ணெய்க் குழந்தை மீன் மாதிரி வழுக்கும். போனைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

காலில் ஆரம்பியுங்கள், குழந்தைகளுக்கு அதுதான் கூச்சம் குறைந்த இடம். ஒரு கையால் கணுக்காலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தொடையிலிருந்து கீழே, நாலு எண்ணிக்கொண்டே. ஏழெட்டுத் தடவை போதும். பாதம், விரல்கள். அப்புறம் வயிறு, ஆனால் தொப்புள் கொடி விழுந்து காய்ந்த பிறகுதான். வயிற்றில் திசை முக்கியம். உங்களுக்கு எதிரே மல்லாந்து கிடக்கிற குழந்தையின் வயிற்றைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு முள் போகிற பக்கமாகவே சுற்றுங்கள், பெருங்குடல் ஓடுகிற வழி அதுதான். இரண்டு முழங்காலையும் மெதுவாக வயிற்றோடு மடக்கி, அஞ்சு எண்ணி விட்டால் காற்றுப் பிரியும். இரவில் முக்கி முக்கிச் சிவந்துபோகிற குழந்தைக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல். நெஞ்சுக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும், புத்தகத்தை விரிப்பதுபோல. கை பல குழந்தைகளுக்குப் பிடிக்காது, இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். கடைசியில் மடியில் குப்புறப் போட்டு முதுகு. முகத்துக்கு எண்ணெய் வேண்டாம், வெறும் விரலால் நெற்றியை நீவினால் போதும். உச்சிக்குழியைத் தொடலாம், அமுக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் மூடும் என்பது சும்மா, அது பெரும்பாலும் ஒன்றரை வயது வாக்கில் தானாக மூடிக்கொள்ளும்.

முதல் வாரம் மொத்தமே அஞ்சு நிமிடம். போகப் போகக் கால் மணி நேரம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், முதுகை வில்லாக வளைத்தால், விரல்களை விறைத்து விரித்தால், விக்கல் எடுத்தால், "போதும்" என்று அர்த்தம். துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பித்தோமே, முடித்துவிடலாம் என்கிற பிடிவாதம்தான் இதைப் பழைய கிணற்றடிச் சடங்காக மாற்றுகிறது.

எண்ணெய்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சும்மாவா சொன்னார்கள். எண்ணெய்மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் எல்லா எண்ணெயும் குழந்தைத் தோலுக்கு ஒன்றில்லை. டெல்லியில் ஆறு வாரக் குழந்தைகளை வைத்து 2000இல் வெளியான ஆய்வில் பல எண்ணெய்களை ஒப்பிட்டார்கள், வளர்ச்சியிலும் மசாஜுக்குப் பிந்தைய தூக்கத்திலும் நம் நல்லெண்ணெய்தான் முந்தியது. தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு இந்திய ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகள் கூடுதலாக எடை போட்டன. அதே வருடம் டாக்காவில் வந்த முடிவு இன்னும் பெரிது: குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியதில், மருத்துவமனையில் தொற்றுகிற கிருமி நோய் 41 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் பூசலாம் என்று கிளம்ப வேண்டாம். மான்செஸ்டரில் நிறைமாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் மேலடுக்கு முதிர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தின. கடுகெண்ணெய் தோலை அரிக்கும், அது வடக்கத்திப் பழக்கம், நமக்குத் தேவையில்லை.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு: வாசனை சேர்க்காத செக்குத் தேங்காய் எண்ணெய், ஒரு தேக்கரண்டி. முதல் நாள் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு துளி வைத்து மறுநாள் வரை பார்த்தோம். சித்திரை வெயிலில் எண்ணெயை அப்படியே விட்டால் வேர்க்குரு வந்துவிடும், குளிப்பாட்டி எடுத்துவிட வேண்டும். தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, சிவந்திருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது கரப்பான், ஆஸ்துமா இருந்தால், எண்ணெய் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எண்ணெயே இல்லாமல், மெல்லிய சட்டைக்கு மேலேயே நீவலாம், பலன் கையில்தான் இருக்கிறது.

செய்யவே கூடாதவை சில உண்டு, இதில் சமரசம் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக மாறும், சளி தட்டினாலும் விடக் கூடாது. காதிலும் கண்ணிலும் வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கிப் பால்போலக் கசியும், ஆண் குழந்தைக்கும்தான், தாயின் ஹார்மோனால் வருவது, சில வாரங்களில் வடிந்துவிடும். அதைப் பிதுக்கினால் சீழ் கட்டும். தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, காலை நேராக நீட்டிச் சேர்த்துக் கட்டுவது (இடுப்பு மூட்டு விலகும்) எதுவும் கூடாது. சாம்பிராணிப் புகை குழந்தைக்கு ஆகாது. காய்ச்சல், தோலில் புண், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கு விடுமுறை. தடுப்பூசி போட்ட தொடையை இரண்டு நாள் தொடாதீர்கள், வீக்கம் கரையட்டும் என்று தேய்ப்பது தப்பு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவர் சொன்ன பிறகுதான் எண்ணெய்ப் பக்கமே போக வேண்டும், அதுவரை சட்டையைக் கழற்றி நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறை போதும், அதற்கான சான்று மசாஜைவிடப் பல மடங்கு வலுவானது.

இதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது தனிக் கலை. "இப்படித்தான் உன்னையும் உன் பொண்டாட்டியையும் வளத்தோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று வரும். நான் முதலில் ஆய்வு, சதவீதம் என்று ஆரம்பித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் வேறு வழி பிடித்தேன். அத்தையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நீங்க பாட்டுப் பாடுங்க அத்தை, எனக்கு ராகம் வரல" என்றேன். நிஜமாகவே வரவில்லை. மறுவாரம் அவரே, "மூக்கை எல்லாம் இழுக்க வேண்டாம், விடு, அது எங்க அப்பா மூக்கு" என்று சொல்லிவிட்டார். மருத்துவமனைக்குக் கூடவே அழைத்துப்போய் மருத்துவர் வாயால் சொல்ல வைப்பதும் நன்றாக வேலை செய்யும், மருமகன் சொல்வதைவிட.

சின்னவனுக்கு இப்போது ஒன்பது மாதம். துண்டை விரித்தால் அதைத் தாண்டித் தவழ்ந்து போய்ச் செருப்பைப் பிடிக்கிறான், மல்லாக்கப் போட்டால் மறு நொடி புரண்டுவிடுகிறான். இந்த வயதில் முழு மசாஜ் நடக்காது, வருத்தப்படாதீர்கள். கையில் ஒரு காலி டப்பாவைக் கொடுத்து, அவன் அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு காலை நீவி முடிக்கிறேன். இன்னொரு காலை, அவன் நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கும்போது. பல நாள் ஒரு காலோடு சரி.